மேளம் நின்னா லைட்டும் நிக்கணும்!

குமரி மாவட்டத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கூடவே சீரியல் லைட். ஆளுயரத்துக்கும் மேலே நிற்கும் போர்டில் மயில் தோகை விரிக்கும், தாமரை மலரும்.

எல்.இ.டி காலத்துக்கு முன்பு அந்த மயிலை ஆட்டிவைத்தது ஒரு மர உருளை. அதைச் சுற்றிச் செம்புத் தகடுகள் பதித்திருக்கும். சின்ன மோட்டார் உருளையைச் சுழற்றும்போது, தகடு எந்தக் கம்பியைத் தொடுகிறதோ, அந்த வரிசை பல்புகள் எரியும். தகடு முடிந்து இடைவெளி வந்தால் அணைந்துவிடும். டிசைன் முழுக்க அந்தத் தகடுகளை வெட்டி ஒட்டுவதில்தான்.

இராஜாக்கமங்கலத்தில் என் மாமாவுக்கு 20 வருடங்களுக்கும் மேலாக இதுதான் தொழில். உருளைக்குப் பக்கத்தில் காலிங்பெல் சுவிட்சுகளை வரிசையாக வைத்திருப்பார். மேளம் சூடு பிடித்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, சுவிட்சுகளைத் தானே தட்டுவார். தவில் உச்சத்துக்குப் போய்ச் சட்டென நிற்கும்போது போர்டும் இருட்டாகும். கூட்டத்தில் விசில் பறக்கும்!

பிறகு பிக்ஸல் எல்.இ.டி வந்தது. மெமரி கார்டில் டிசைனை ஏற்றிவிட்டால் விடிய விடிய ஓடும். வேலை குறைவு, கலர் அதிகம். மாமாவுக்கு ஆர்டர் நின்றுபோனது. இப்போது மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறார். "லைட்டு நல்லாத்தான் எரியுது மக்கா. ஆனா, அதுக்குக் காது இல்ல, கேட்டியா" என்றார் ஒருநாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு கன்ட்ரோலர் செய்துதர முடிவெடுத்தேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

ஓர் ஆர்டுயினோ லியனார்டோ போர்டு, 8 பட்டன்கள், திருகுகிற வால்யூம் கன்ட்ரோல் 4. அவ்வளவுதான். இந்த போர்டு லேப்டாப்புடன் 'மிடி' மொழியில் பேசும். எலெக்ட்ரானிக் இசைக்கருவிகளுக்காக 1983-ல் வந்த மொழி அது. இன்று வீடியோ சாஃப்ட்வேர்களுக்கும் புரியும். திருகைத் திருப்பினால் போர்டு 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். மிடிக்கு 0 முதல் 127 வரை போதும் என்பதால், 8-ஆல் வகுத்து அனுப்ப வேண்டும். பட்டனை ஒருமுறை அமுக்கினாலும் உள்ளே உலோகம் துள்ளி, பலமுறை அமுக்கியதுபோலக் காட்டும். சில மில்லி செகண்டு பொறுத்துப் படிக்கச் சொல்லி கோடு எழுதினால் சரியாகிவிடும்.

கோடு என் வேலை, மற்றதெல்லாம் மாமா. பார்க்காமலே தட்ட வசதியாக, தன் விரல்களை விரித்து வைத்துப் பட்டன்களுக்கு அளவெடுத்தார். "உப்புக்காத்து அடிக்கிற ஊரு மக்கா" என்று சால்டரிங் புள்ளிகள் மேல் அத்தையின் நெயில் பாலிஷைப் பூசினார். ஈரம் அண்டாது!

வெளிச்சத்தைக் கையால் வாசிக்கும் ஆசை பழையது. 1922-லேயே தாமஸ் வில்ஃப்ரெட், தான் உருவாக்கிய 'கிளாவிலக்ஸ்' கருவியால் நியூயார்க்கில் வெறும் ஒளியை வைத்தே நிகழ்ச்சி நடத்தினார். நம் ஊர் தோல்பாவைக்கூத்துக்காரர்களுக்கோ விளக்கும் திரையும் பாவையும் போதும்.

தெரிந்த தவில்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் அடித்துப் பார்த்தோம். முதல் சில நிமிடங்கள் மாமாவின் விரல்கள் தயங்கின. அப்புறம் அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. தவில்காரரின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் மயில் தாளத்துக்குத் தோகை விரித்தது.

முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "இன்னொரு பட்டன் வேணும் மக்கா... இருட்டுக்கு."

ஒன்பதாவது பட்டனை அன்று ராத்திரியே வைத்தோம். இப்போது அவர் அதிகம் தட்டுவது அதைத்தான்.