யாருடைய நாய்?

சென்னையில் நாய் வளர்ப்பவர் மாநகராட்சியிடம் ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும். கட்டணம் 50 ரூபாய். விண்ணப்பம் இணையவழி: உரிமையாளரின் படம், முகவரிச் சான்று, நாயின் படம், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். கால்நடை மருத்துவர் சரிபார்த்த பிறகு உரிமம் கிடைக்கும். பல காலம் ஏட்டளவில் கிடந்த விதி இது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகுதான் பலர் இதைக் கேள்விப்பட்டார்கள். உரிமம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. 2025 இறுதியில் உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றானது; மைக்ரோசிப்பும் கட்டாயமானது.

கேட்கப்படும் தாள்களில் உயிர்நாடி தடுப்பூசிச் சான்றுதான். நாய் வளர்க்கும் வீடுகளில் அது பெரும்பாலும் ஒரு சிறு அட்டையாக இருக்கும். ஊசி போட்டதும் மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் சிட்டையை உரித்து, அட்டையின் கட்டத்தில் ஒட்டி, தேதியிட்டு, மருத்துவர் கையெழுத்திடுவார். சிட்டையில் மருந்தின் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்கும். பக்கத்துக் கட்டத்தில் அடுத்த ஊசிக்கான தேதி. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, சில வாரம் கழித்து ஊக்க ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று என்பது இங்குள்ள வழக்கம். உரிமமும் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால், அதைப் புதுப்பிக்கும் நாளே ஊசியையும் நினைவூட்டிவிடுகிறது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நோயின் போக்கு. வெறிநோய்க் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் அதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். அந்த இடைவெளியில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உரிய ஊசிகளைப் போட்டுக்கொண்டால் தப்பலாம். தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் நாய் மூலம் வருவது. ஆகவே மனிதரைக் காக்கும் வேலை நாயின் தோளில் போடும் ஊசியில் தொடங்குகிறது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள கணக்கு.

தமிழ்நாட்டுக்கு வெறிநோய்த் தடுப்பூசியோடு பழைய உறவு உண்டு. பாரிசில் லூயி பாஸ்டரின் மருந்து 1885-இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கே ஆட்டு மூளையிலிருந்து தயாரான மருந்தே பல தலைமுறைகளைக் காத்தது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்று பெரியவர்கள் பிள்ளைகளை மிரட்டியது அதை வைத்துத்தான். அந்த வகை மருந்தின் உற்பத்தி 2004-இல் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் புஜத்துத் தோலில் போடும் சிறு ஊசிதான்: கடிபட்ட அன்று, 3, 7, 28-ஆம் நாட்களில். காயம் ஆழமானால் அதைச் சுற்றி எதிர்ப்புப் புரதமும் செலுத்தப்படும்.

தடுப்பூசியின் பயன் இது. பதிவின் பயன் கடி விழுந்த பிறகு தெரியும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. நோயுற்ற நாயின் எச்சிலில் கிருமி வருவது அறிகுறி தோன்றுவதற்குச் சில நாள் முன்புதான். அதன் பிறகு நாய் அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. எனவே பத்தாம் நாளும் நாய் நலமாக ஓடியாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்க முடியாது. அதற்காகக் காத்திராமல் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று சும்மா இருந்துவிடக் கூடாது. ஆனால் சிகிச்சையை எதுவரை தொடர்வது என்று மருத்துவர் முடிவு செய்ய நாய் கண்ணில் படவேண்டும். ‘யாருடைய நாய்?’ என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்த வாய்ப்பே இல்லை.

அந்த விடையை நாயின் உடலிலேயே எழுதிவைப்பது மைக்ரோசிப். அரிசி மணியளவுள்ள இதை ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துவார்கள். இதில் மின்கலம் இல்லை. நாய் எங்கே திரிகிறது என்றும் இது காட்டாது, பலர் அப்படி நினைத்தாலும். சிப்பைப் படிக்கும் கருவியை அருகே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். பெயரும் முகவரியும் அந்த எண்ணுக்கு நேராகப் பதிவேட்டில் இருக்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நாயை வேறு தெருவில் இறக்கிவிட்டுப் போகிறவருக்கு இந்த எண்ணைக் கழற்ற வழியில்லை.

உரிமம் எட்டாத நாய்களும் உண்டு. 2024 கணக்கெடுப்பின்படி சென்னையில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். அவற்றுக்கு ஊசி போட்டுக் கருத்தடை செய்யும் பொறுப்பு மாநகராட்சியுடையது; அறுவைசிகிச்சை முடிந்ததற்கு அடையாளம் காதில் ஒரு சிறு வெட்டு. வீட்டு நாய், தெருநாய் இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகை இருக்கிறது. டீக்கடை வாசலில் படுத்திருக்கும். மணி என்று கூப்பிட்டால் வாலாட்டும். பிஸ்கட் போடுபவர் பலர். யார் வீட்டு நாய் என்று கேட்டால், “தெரு நாய்தாங்க, எங்ககிட்டதான் சாப்பிடும்” என்பார்கள். அது கடித்தால் பொறுப்பேற்க ஆளிருக்காது. அன்பு காட்டுபவரில் ஒருவர் முன்வந்து அதை வீட்டு நாயாக்கிக்கொண்டால் நாட்டு நாய்க்கும் அதே 50 ரூபாய் உரிமம்தான்.

பதிவு ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையல்ல. வீடு மாறினாலும், நாய் கைமாறினாலும், இறந்துபோனாலும் பதிவேட்டில் திருத்தச் சொல்ல வேண்டும். சிப்பின் எண் மாறாது. அதற்கு நேரே பழைய முகவரி நின்றுவிட்டால், கடிபட்டவர் போய் நிற்பது பூட்டிய வீட்டு வாசலில்தான்.