எட்டி வைக்காதீங்க

1/ ஓட ஆரம்பிச்சு, கால் வலி வந்து, "நமக்கு இது சரிவராது"ன்னு விட்டவங்க நிறைய பேர் இருப்பீங்க. நானும் விடப் போனவன்தான். இந்த த்ரெட் உங்களுக்காக.

2/ போன வருஷம் வெயிட் குறைக்கணும்னு பள்ளி மைதானத்துல ஓட ஆரம்பிச்சேன். ஆறாவது வாரம், முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்க ஓரம் நீளத்துக்கும் வலி. பேஷண்ட்டுக்குச் சொல்றதையே எனக்கும் சொல்லிக்கிட்டேன்: ரெஸ்ட், ஐஸ், வலி மாத்திரை. பத்து நாள்ல சரியாச்சு. திரும்ப ஓடின ரெண்டாவது நாளே வலி வந்துடுச்சு. விலை கூடின ஷூ வாங்கினேன். அப்பவும் போகல.

3/ அங்க பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பி.டி. வாத்தியார் ஒருநாள் சொன்னார்: "டாக்டர், நீங்க வர்றது திரும்பிப் பார்க்காமலே தெரியுது. தொம் தொம்னு சத்தம்." என் போன்லயே பக்கவாட்டுல வீடியோ எடுத்துக் காட்டினார்.

4/ பார்த்தா, பாதம் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழுது. முட்டி விறைப்பா நீண்டிருக்கு. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக் மாதிரி. முட்டி கொஞ்சம் மடங்கியிருந்தா தசை தாங்கிக்கும். நான் எட்டி எட்டி வச்சு அந்த அதிர்ச்சியை எலும்புக்கும் மூட்டுக்கும் கொடுத்துட்டு இருந்தேன்.

5/ சரி பண்ற வழி: ஓடும்போது 30 விநாடிக்கு வலது கால் எத்தனை தடவை தரையில படுதுன்னு எண்ணுங்க. எனக்கு 38. அதே வேகத்துல அதை 40 ஆக்கினேன். அவ்வளவுதான். அடி சின்னதாகும், பாதம் உடம்புக்குக் கிட்ட விழும், சத்தம் குறையும். 5 சதவீதம் கூட்டினாலே முட்டிக்கு வர்ற பாரம் குறையும்.

6/ நிமிஷத்துக்கு 180 அடி எல்லாருக்கும் கட்டாயம் இல்ல. திடீர்னு முன்பாதத்துல ஓடவும் ஆரம்பிக்காதீங்க. பாரம் கெண்டைத் தசைக்குப் போய் அங்க வலிக்கும். ஓடுற தூரத்தையும் மெதுவா கூட்டுங்க.

7/ ஆனா எல்லா வலியும் இப்படிச் சரியாகாது. ஓபிக்கு ஒரு தம்பி வந்தார் (அடையாளம் மாத்தியிருக்கேன்). போலீஸ் செலக்ஷன், 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். அடுத்த வாரம் தேர்வு. வலி என் வலி மாதிரி நீளமா இல்ல, ஒரு விரல் நுனி அளவு இடத்துல. ராத்திரியும் வலிக்குது. ஒத்தைக் கால்ல குதிக்கச் சொன்னேன், முடியல.

8/ எக்ஸ்ரே நார்மல். "அதான் நார்மல்ல சார், ஒரு ஊசி போட்டு விடுங்க, ஓடிடுறேன்"னார். எலும்புல கீறல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம். முடியாதுன்னேன். வீட்டு நிலைமையைச் சொல்லி அழுதார். அப்பவும் போடல. அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

9/ கோபத்தோட போனவர் தேர்வுக்குப் போகல. மூணு வாரம் கழிச்சு திரும்ப எடுத்த எக்ஸ்ரேல கீறல் தெரிஞ்சுது. வலி தெரியாம ஓடியிருந்தா மைதானத்துலயே உடைஞ்சிருக்கலாம். இப்போ வலியில்லாம நடக்கிறார். ஓட ஆரம்பிக்கிற அன்னைக்கு வாத்தியார்கிட்ட கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்.

10/ அதனால: ஒரே புள்ளியில வலி, ராத்திரி வலி, நொண்டி நடக்கிற வலி இருந்தா ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. வலி மாத்திரை போட்டு ஓடாதீங்க. மத்தவங்க நாளைக்குக் காலைல யாரையாவது ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. செலக்ஷனுக்கு ஓடுற தம்பி, தங்கச்சி யாராவது இருந்தா இதை அனுப்புங்க.