அம்பாசிடருக்கு முதுகுவலி

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்துக்குப் பாகூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பமே பழைய அம்பாசிடரில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை. வண்டி பின்பக்கம் உட்கார்ந்து, மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போகும். பார்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஷாக் போயிடுச்சுப்பா!"

போனது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் இல்லை, ஸ்பிரிங். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் வண்டி ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஷாக்கை மாற்றினால் ஆட்டம் குறையும், உட்கார்ந்த வண்டி எழாது.

அம்பாசிடரின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது. இழுத்த அளவுக்கு எதிர்த்து இழுக்கும் என்று ஸ்பிரிங்கின் குணத்தை ராபர்ட் ஹூக் 1678லேயே எழுதிவிட்டார். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. வருஷக்கணக்கில் ஓவர்லோடு, பட்டைகளுக்கு நடுவே துரு... வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிவிடும். உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது 2014 மே மாதம். ஆக, இருப்பதிலேயே இளைய அம்பாசிடருக்கும் வயதாகிவிட்டது.

செலவைக் குறைக்க இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கூடுதலாக ஒரு பட்டை செருகுவது. வண்டி எழும், ஆனால் ஆள் இல்லாதபோது கட்டைவண்டி மாதிரி குதிக்கும். இன்னொன்று, பழைய பட்டையைக் காய்ச்சி அடித்து வளைப்பது. பதம் சரியாக ஏற்றாவிட்டால் மறுபடி தட்டையாகும், அல்லது உடையும்.

சரியான வழி, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். கூடவே புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிது. கழற்றும்போது பாடிக்கு அடியில் ஸ்டாண்டு, ஆக்சிலுக்குத் தனியாக ஜாக்கி. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்றபிறகே கடைசியாக முறுக்க வேண்டும். சில நாள் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

"நம்ம வண்டி, நாமதானே குலுங்குறோம், இருக்கட்டும்" என்பவர்கள் உண்டு. இருட்டியபிறகு கரும்புக்கொல்லை ஓரமாக வந்து பாருங்கள். மூக்கு தூக்கிய வண்டியின் ஹெட்லைட், டிம்மில் இருந்தாலும், எதிரே டிவிஎஸ் 50ல் வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். அவருக்கு ரோடும் தெரியாது, ஓரத்து வாய்க்காலும் தெரியாது.

சோதிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இரண்டு பக்கமும் அளந்து குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளங்கள். அளவு குறைந்திருந்தால் மெக்கானிக்கைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.