எங்கள் வீட்டு எண் பூட்டு

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் பலருடைய வீட்டில் இப்போது இரண்டே பேர்தான். பிள்ளைகள் பாரீசிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்துவிட்டார். குரல் கேட்டு ஆட்கள் ஓடினார்கள். வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஆசாரி வந்து கதவை உடைக்கும்வரை அவர் ஈரத்தரையிலேயே கிடந்தார். அதற்குப் பிறகுதான், மகன் வெகுநாளாகச் சொல்லிவந்த எண் பூட்டுக்கு நாங்கள் சம்மதித்தோம்.

வாங்கும் முன் கதவின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய தேக்குக் கதவுக்கு நீளமான திருகாணி தேவைப்படலாம். பூட்டை மாட்டியதும், கூட வந்த குறிப்பேட்டை ஆபீஸ் கோப்பு படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். முதல் வேலை, கம்பெனி வைத்து அனுப்பும் மாஸ்டர் எண்ணை மாற்றுவது. அதன் பிறகுதான் மற்றவர்களுக்கான எண்கள்.

எண் தேர்வு செய்வது சுலபமல்ல. பிறந்த தேதி ஊருக்கே தெரியும். 0111, 1608 இரண்டையும் நம் ஊர்க்காரன் யாரும் முதலில் போட்டுப் பார்ப்பான்: 1954 நவம்பர் 1, 1962 ஆகஸ்ட் 16. நாலு இலக்கத்தில் பத்தாயிரம் எண்கள், ஆறு இலக்கத்தில் பத்து லட்சம். ஆனால் தினமும் அழுத்தும் பொத்தான்களில் விரல் தடம் படியும். அந்த நாலும் எவை என்று தெரிந்துவிட்டால், அவற்றை வரிசை மாற்றிப்போட 24 வழிதான் உண்டு. அதனால் ஆறு இலக்கம் வைத்தோம். பொத்தான்களை அடிக்கடி துடைக்கிறேன்.

நான் கணக்குப் படித்தது பிரெஞ்சில். இன்றும் எண்கள் மனதில் அப்படித்தான் நிற்கின்றன. தொண்ணூற்றொன்பது என்றால் எங்களுக்கு நாலு இருபதும் பத்தொன்பதும்! பூட்டின் முன் நான் முணுமுணுப்பதைக் கேட்டு, "யார் காதில் விழுந்தாலும் கவலையில்லை" என்கிறாள் மனைவி.

ஆளுக்கு ஒரு எண் கொடுத்தோம். மகனுக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு, பன்னிரண்டு வருடமாக வேலை செய்யும் அம்மாவுக்கு. மனைவி முதலில் தயங்கினாள். சாவியைக் கொடுத்தால் நகல் எடுத்தார்களா என்று தெரியாது. எண்ணை வேண்டாதபோது அழித்துவிடலாம், யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை என்றேன். அந்த அம்மா, "எனக்குன்னு ஒரு நம்பரா, ஐயா?" என்று கேட்டுவிட்டு, தானே இரண்டு முறை திறந்து பார்த்துக்கொண்டார்.

பேட்டரி நாலும் ஆல்கலைன் வகையாக இருக்கட்டும். சார்ஜ் செய்யும் பேட்டரியில் 1.5க்குப் பதில் 1.2 வோல்ட்தான் இருக்கும். தீரும் நிலையில் பூட்டு ஒலி எழுப்பும். அடியோடு தீர்ந்துவிட்டால், எங்கள் பூட்டில் வெளியே உள்ள இரு முனைகளில் 9 வோல்ட் பேட்டரியை வைத்துத் திறக்கலாம். கூட வந்த சாவியை எதிர்வீட்டில் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்குள் வைத்தால் என்ன பயன்?

இத்தனையும் செய்துவிட்டு மேல் தாழ்ப்பாளையும் போட்டால் எல்லாம் வீண். சில பூட்டுகளில் உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினால் வெளியிலிருந்து எண்ணும் வேலை செய்யாது. தாழ்ப்பாள் போடாமல் முதல் வாரம் மனைவிக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு பழகிவிட்டது.

தனியாக இருக்கும் நண்பர்களே, இன்றிரவு தாழிடும் முன், நாம் எழுந்திருக்க முடியாமல் போனால் யார் வந்து திறப்பார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.