பெட்டி கேட்ட இரண்டாம் குறியீடு

எங்கள் வீட்டு வீடியோ கேம் பெட்டியை வெறும் விளையாட்டுச் சாமான் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கத்தாரில் தொழில் செய்யும் வாப்பாவும் அக்கரைப்பற்றில் இருக்கும் மகனும் வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் சேர்ந்து பந்து விளையாடுகிறார்கள். தொலைபேசியில் 'ம்', 'சரி' என்று முடிக்கிற பிள்ளை, அப்போது பாடசாலைக் கதையெல்லாம் சொல்வான்.

சென்ற மாதம் அது உள்ளே விட மறுத்தது. கடவுச்சொல் சரி. அதன்பின் கேட்கும் குறியீடுதான் வரவில்லை. கம்பனி மாறியபோது அவர் பழைய தொலைபேசி இலக்கத்தை ஒப்படைத்திருந்தார். குறியீடு அதற்கே போய்க்கொண்டிருந்தது. மகன் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடிக்கப் பார்த்தான். தடுத்தேன். பலமுறை பிழைத்தால் கணக்கே பூட்டப்பட்டுவிடும்.

இந்த இரண்டாம் குறியீடு தொல்லைதான். ஆனாலும் சகோதரிகளே, அதை நீக்கிவிடச் சொல்ல மாட்டேன். 2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்புக்குள் திருடர் புகுந்ததில், ஏறத்தாழ 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் ஆபத்துக்குள்ளாயின. மூன்று வாரத்துக்கும் மேல் எவராலும் உள்ளே போக முடியவில்லை. 2016இல் அங்கும் இரண்டாம் குறியீடு வந்தது.

கணக்குத் திறந்த அன்று கிடைத்த மாற்றுக் குறியீடுகளை அவர் ஒரு கொப்பியில் எழுதி, அலுமாரியில் காணி உறுதியோடு வைத்திருந்தார். ஒன்றை அடித்ததும் திறந்தது. ஒவ்வொன்றும் ஒரே தடவைக்குத்தான். பாவித்ததைக் கோடிட்டு வெட்டினேன். பிறகு முதல் வேலையாக அவருடைய புதிய இலக்கத்தைக் கணக்கில் பதிந்தோம்.