அவமானமும் கல்வியும்

சுயமுன்னேற்ற நூல்களின்பால் என்னை முதலில் ஈர்த்தது இலட்சியமன்று, அவமானமே. கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சையில் என் ஆங்கிலத்தைக் கேட்டு நகைத்தனர். அன்று மாலையே நடைபாதைக் கடையொன்றில் சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘சுய உதவி’யை ஆங்கிலத்தில் வாங்கினேன். குறை முழுவதும் என்னுடையதே என்று நம்பி, அகராதியும் கையுமாகப் பல இரவுகள் விழித்திருந்தேன்.

அதன் முன்னுரையை ஊன்றிப் படித்தது வெகுநாட்களுக்குப் பின்னர்தான். 1859இல் வெளியான அந்நூல் தனிமனிதனின் அறையில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏழை இளைஞர் சிலர் குளிர்கால மாலைகளில் கூடி, தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்பித்தனர். தொகை பெருகவே, முன்பு வாந்திபேதி வைத்தியசாலையாக இருந்ததால் எவரும் குடிவர அஞ்சிய மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்தனர். அவர்கள் அழைத்ததால் அங்கே உரையாற்றியவரே ஸ்மைல்ஸ். அவ்வுரைகளே பின்னர் நூலாயின.

கல்வி மறுக்கப்பட்ட வேதனையே அவர்களையும் அங்கே கூட்டியது. ஆயினும், நான் என் வெட்கத்தைத் தனியறையில் பூட்டினேன். அவர்களோ அதைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்தனர். நூலின் பெயரில் ‘சுய’ நிலைத்தது. அந்த மண்டபம் மறக்கப்பட்டது.

இன்று என் வகுப்பில் வாய்திறக்கக் கூசும் மாணவனிடம், ‘உன்னைத் திருத்திக்கொள்’ என்று நான் சொல்வதில்லை. ‘மாலையில் இன்னும் இருவரை அழைத்து வா’ என்கிறேன்.