முதல் கேள்வி எடைதான்

திண்டிவனத்தில் பையன் கஞ்சாவோடு பிடிபட்டான் என்று வக்கீல் வீட்டு வாசலில் நிற்கும் அப்பா கேட்பது, “ஃபீஸ் எவ்வளவு சார்?” விவரமான வக்கீல் திருப்பிக் கேட்பது, “எத்தனை கிராம்?”

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டு சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. ஜாமீனுக்கு 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்.

அடுத்து மகஜர், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய பதிவு. பொருள் சட்டைப்பையில் இருந்ததா, தோள்பையிலா? உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று போலீஸ் சொல்லியாக வேண்டும். 2010இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. தோள்பைக்கு இது பொருந்தாது. பூ சேராத வெறும் இலை சட்டப்படி கஞ்சாவே அல்ல என்பதையும் நல்ல வக்கீல் கவனிப்பார்.

“ஜட்ஜ் நமக்கு வேண்டியவர்” என்று சொல்லும் வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவதே புத்திசாலித்தனம்.

கையில் காசில்லையா? விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்புகூடக் கிடையாது.